அச்சில் ஏறிய முகவரி

இரஞ்சிதத்துக்கு எட்டு வயது. அவள் காதில் கிடந்த தோட்டைத் திருகிக் கழற்ற அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை. பிடித்து இழுத்துவிட்டான். மருத்துவமனையில் நான் பார்த்தபோது வலது காதின் அடிப்பகுதி இரண்டாகப் பிளந்து தொங்கியது. அவள் அழவில்லை. அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, செம்பவாங் கப்பல் பட்டறையில் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அப்பா கப்பல் டாக்கில் விழுந்துவிட்டார் என்று போனில் பேசிய மாமா சொன்னாரே என்றாள்.

அது 1984 மார்ச் மாதம். நான் அப்போது போலீசில் சார்ஜன்ட். பிள்ளைகளுக்கு எதிரான குற்றம் எது வந்தாலும் "பிரிஜட்டிடம் கொடு" என்பார்கள். பொம்பளை என்பதால் எனக்குப் பிள்ளைகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபப்படுவதுதான். அதில் குறை வைத்ததில்லை.

அவன் செய்தது ரொம்பச் சுலபமான காரியம். காலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடும். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலையில் இருப்பார்கள். இரும்புக் கதவின் பூட்டுச் சாவி உள்ளே ஆணியில் தொங்கும். இரண்டு மணிக்கு மேல் போன் அடிக்கும். நல்ல தமிழில், அன்பாக, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அப்பா பெயர், அவர் வேலை பார்க்கும் இடம், தம்பி தங்கை பெயர் எல்லாம் சரியாகச் சொல்வான். அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு மாமா வருகிறார், செலவுக்கு அம்மாவின் நகையை எடுத்து வை என்பான். பிள்ளை கதவைத் திறந்துவிடும்.

இரண்டாவது ஒரு பையன். அலமாரிச் சாவி எங்கே என்று தெரியாத குற்றத்துக்கு அவனுடைய மூன்று விரல்களைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்திருந்தான். மூன்றாவது பிள்ளைக்கு முன்பற்கள் போயின. நான்காவது ஜோன்.

ஜோனுக்கு ஒன்பது வயது. சூசைநாதனுக்கும் அந்தோனியம்மாளுக்கும் ஒரே மகள், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காரும் பிள்ளை. கழுத்துச் சங்கிலியில் அவன் கை வைத்ததும் அவள் அவனுடைய இடது கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. அந்தப் போராட்டத்தில் அவனுடைய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழன்று விழுந்தன. அவள் வலது கையைத் தரையில் வைத்து அழுத்தி, அலமாரியை உடைக்கக் கொண்டுவந்த சுத்தியலால் இரண்டு முறை அடித்தான். பிறகு அவள் தலைக்கு நேரே ஓங்கியிருக்கிறான். பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டு ஓடிவிட்டான்.

ஆக, அவன் முகத்தைப் பார்த்தவள் இந்தத் தீவில் ஒருத்திதான். அது அவனுக்கும் தெரியும். அவளைச் சும்மா விடமாட்டான் என்று எனக்குத் தெரிந்ததால் ஒரே வாரத்தில் அந்தக் குடும்பத்தைக் கேலாங் கிழக்கில் ஒரு ஏழாம் மாடி வீட்டுக்கு மாற்றினேன். பள்ளிக்கூடத்தில்கூடப் புது முகவரி சொல்லவில்லை.

அவனுக்குப் பிள்ளைகளின் விவரம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. வெட்கக்கேடு, ஏனென்றால் அது என் வீட்டு மேசைமேலேயே கிடந்தது. எங்கள் பங்கின் திருவிழா மலர். சந்தா கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் நாலு வரி உண்டு: தகப்பன் பெயர், வேலை, பிள்ளைகள் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி. நம் ஆட்களுக்குப் பெயர் அச்சில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த வருடம் சந்தா வராது. என் பெயரும் அதில் இருந்தது. நானும் அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள்தான்.

அந்த மலரில் அவன் இன்னும் கை வைக்காத, பிள்ளைகள் தனியாக இருக்கும் வீடுகள் ஏழு. அந்த வீட்டுப் போன்களிலும் ஜோன் வீட்டுப் போனிலும் பேச்சைப் பதிவு செய்யும் மெஷின் வைக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் தனசேகரனிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடச் சொன்னால் அவருக்குக் கை வலிக்கும். இந்த வருடம் ஒதுக்கீடு இல்லை, எழுதிக் கொடு என்றார். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்கு வந்த பதிலில் என் இரண்டாவது கடிதம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் பேரின்பநாயகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வருடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிராங்கூன் சாலையில் ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஓர் அறக்கட்டளைக்குச் செயலாளர். போலீசுக்கு நேராகக் கொடுக்க முடியாது, பங்கின் சமூக சேவைக் குழு பெயரில் விண்ணப்பம் போட்டால் மானியம் தரலாம் என்றார். பதினொரு பக்க விண்ணப்பம். என்னோடு வேலை செய்த கார்ப்பரல் அஸ்மத் இரண்டு விரலால் தட்டித் தட்டி அதை டைப் செய்து முடித்தார்.

ஒன்பதாம் பத்தியில் பயனடைவோர் பெயரும் முகவரியும் போன் எண்ணும் கேட்டிருந்தது. ஏழு வீட்டை எழுதிவிட்டு எட்டாவதில் ரகசியம் என்று எழுதினேன். அவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். நேரில் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இது பொதுக்காசு. ரகசியம் எண்டு எழுதினா நாளைக்கு ஒருத்தன் வந்து, அப்பிடி ஒரு வீடே இல்லை, காசை நீங்கள் திண்டுபோட்டியள் எண்டு சொல்லுவான். எங்களைப் பார்த்து ஒருத்தரும் விரல் நீட்டக் கூடாது. இரும்பு அலுமாரியிலைதான் வைப்பன். சாவி என்னட்டை மட்டும்தான்."

எழுதிக் கொடுத்தேன். பிளாக் எண், மாடி, வீட்டு எண். போன் எண்ணும்தான். என் கையெழுத்தில், பேனாவால்.

மானியம் கிடைத்தது. எட்டு வீட்டிலும் மெஷின் வைத்தோம். போன் அடித்து எடுத்ததும் டேப் தானாகச் சுற்றும். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானியம் வழங்கும் விழா என்று அழைப்பு வந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். வேண்டாம் என்று சொன்னால் கொடுத்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று இன்ஸ்பெக்டர் அனுப்பிவைத்தார்.

மண்டபத்தில் நாற்காலிக்கு ஒன்றாக ஒரு மெல்லிய விழா மலர் வைத்திருந்தார்கள். பதினான்காம் பக்கத்தைத் திருப்பினேன். போன் மெஷின் பெற்ற வீடுகள் என்ற தலைப்பின் கீழ் ஒன்பதாம் பத்தி அப்படியே அச்சில் இருந்தது. எட்டு பெயர், எட்டு முகவரி. கடைசியில் ஜோன், அவள் அப்பா பெயர், கேலாங் கிழக்கு, பிளாக் எண், மாடி, வீட்டு எண், போன் எண். கீழே ஒரு வரி: அறக்கட்டளையின் ஒவ்வொரு வெள்ளிப் பணமும் யாருக்குப் போனது என்பதைப் பொதுமக்கள் அறியும் பொருட்டு.

மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். நான் வரிசை வரிசையாகப் போய் உட்கார்ந்திருந்தவர்கள் கையிலிருந்து மலரைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் கொடுக்க மாட்டேன் என்றார், அவர் பெயர் அதில் இருந்ததாம். கையைத் தட்டிவிட்டுப் பிடுங்கினேன். அஸ்மத் மறுபக்கத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார். பேரின்பநாயகம் வெளிறிப்போய் நின்றார். அவர் ஒரு குற்றமும் நினைத்துச் செய்யவில்லை. நாற்பது வருடக் குமாஸ்தா மூளை, எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டால் யாரும் திருடன் என்று சொல்லமாட்டார்கள் என்பது அதற்குத் தெரிந்த ஒரே தர்மம். முந்நூறு அடித்ததில் இருநூற்று அறுபதைத் திரும்ப எடுத்துவிட்டோம். மீதி நாற்பது காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசல் மேசையிலிருந்து போய்விட்டது.

நாற்பதில் ஒன்று அவன் கைக்குப் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய மலரை எடுத்தவன் புதிய மலரையும் எடுப்பான். வண்டியில் ஏறியதும் அஸ்மத் சொன்னார், "இன்னைக்கே அந்த வீட்டைக் காலி பண்ணிடலாம், சார்ஜன்ட். என் அக்கா வீட்ல ஒரு ரூம் இருக்கு."

இதைத்தான் நான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவர் சொன்னது சரி. அரைமணி நேர வேலை. நான் வேண்டாம் என்றேன். மூன்று மாதமாக அவன் குரல் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளைப் பேசிக் காட்டச் சொல்லிச் சொல்லி எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. இப்போது அவன் எங்கே வருவான் என்று முதன்முறையாகத் தெரிந்தது. வரட்டும் என்றேன். இன்ஸ்பெக்டரிடம் மலர் விஷயத்தைச் சொல்லவில்லை. மெஷினைச் சோதிக்க ஒரு வாரம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

அந்தோனியம்மாளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மெஷினைச் சோதிக்க வீடு அமைதியாக இருக்கவேண்டும், தினமும் ஒன்றரை மணிக்கு நீங்கள் வெளியே போய்விட்டு நாலு மணிக்கு வாருங்கள், வழக்கம்போல இரும்புக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பிள்ளை தனியாக இருப்பதுபோலத் தெரியவேண்டும் என்பது என் சாமர்த்தியம். அவர் என்னை நம்பினார். போகும்போது எனக்கும் அஸ்மத்துக்கும் தேநீர் கலந்து மூடி வைத்துவிட்டுப் போவார்.

ஜோனிடம் மட்டும் சொல்லவேண்டியிருந்தது. அவள்தானே போனை எடுக்கவேண்டும். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் பேசினால் அம்மா வீட்டில் இல்லை என்று சொல், வந்து கூப்பிட்டால் பூட்டைத் திற, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றேன். அம்மாவிடம் சொல்லவேண்டாம், பயந்துவிடுவார் என்றேன். சரி ஆன்ட்டி என்றாள்.

ஆறாம் நாள் இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. டேப் சுற்றியது. அறக்கட்டளையிலிருந்து பேசுவதாகவும், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் வருவதாகவும் சொன்னான். அம்மா இருக்கிறாரா என்று கேட்டான். டேப்பையும் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருப்பான். குரலைக் கேட்டதுமே ஜோனுக்குக் காலோடு சிறுநீர் போய்விட்டது. ஆனாலும் நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். "அம்மா வீட்ல இல்ல அங்கிள்." எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். நானும் அஸ்மத்தும் சமையலறையில் மறைந்து நின்றோம். மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கதவு பூட்டியிருந்தது. நீலச் சட்டை, கையில் பெட்டி. இடது கட்டைவிரலில் பல் பட்ட தழும்பு. "கேட்டத் தொற பாப்பா, அஞ்சு நிமிஷ வேலைதான் லா" என்றான். ஜோன் சுவரில் ஆணி இருந்த பக்கம் கையை நீட்டினாள். ஆணியில் ஜெபமாலை மட்டும் தொங்கியது. அவள் திரும்பிச் சமையலறையைப் பார்த்தாள்.

செம்பவாங்கில் இருந்த பழைய வீட்டில் மகள் கையாலேயே கதவு திறந்ததற்குப் பிறகு அந்தோனியம்மாள் ஆணியில் சாவி விடுவதில்லை. இரண்டு சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டுதான் வெளியே போவார். எனக்கு அது தெரியாது, ஆறு நாளும் அந்த ஆணியை நான் கவனிக்கவே இல்லை. நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரும் இதைச் சொல்லியிருப்பார்.

ஜோன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. அதே நேரம் லிஃப்ட் திறந்தது. சந்தையில் மீன் மலிவாகக் கிடைத்ததென்று அந்தோனியம்மாள் நேரத்தோடு வந்துவிட்டார். வாசலில் நின்றவனைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். மகள் அதைப் பற்றி அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள். பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவன் தலைமுடியைப் பிடித்தார்.

நாங்கள் ஓடிவந்து கதவைப் பிடித்து ஆட்டினோம். இரும்பு, அசையவில்லை. நான் துப்பாக்கியை எடுத்தேன். அந்தோனியம்மாள் அவனைக் கட்டிப் பிடித்திருந்தார், எப்படிச் சுட்டாலும் அவர்மேல்தான் படும். விடுங்கக்கா, விட்டுட்டு ஓடுங்க என்று கத்தினேன். அவர் விடவில்லை. அவன் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதுக்கு மேலே. எலும்பு உள்ளே போகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்கு அவர் கை தானாக விட்டது. மீன் சிதறிக் கிடந்த தரையில் விழுந்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அவன் நிமிர்வதற்குள் அஸ்மத் கம்பி வழியே கையை விட்டு அவன் காலரைப் பிடித்து முகத்தைக் கம்பியில் மோதினார். அவன் அஸ்மத்தின் மணிக்கட்டில் சுத்தியலால் அடித்தான். மணிக்கட்டு முறிந்தது, பிடி விடவில்லை. நான் சமையலறைக்கு ஓடி அம்மிக்குழவியை எடுத்து வந்து கம்பி இடுக்கு வழியே அவன் முழங்கையில் குத்தினேன். சுத்தியல் விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. அவன் விரல்களைக் கம்பியோடு சேர்த்து நசுக்கினேன். வாயில் குத்தினேன், பற்கள் என் கைமேல் தெறித்தன. அவன் மாதாவைக் கூப்பிட்டு அழுதான். திரும்பவும் குத்தினேன். போதும் சார்ஜன்ட், பிள்ளை பார்க்குது என்று அஸ்மத் சொன்ன பிறகுதான் ஜோன் என் பக்கத்திலேயே நின்றது தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர்தான் அந்தோனியம்மாளின் ரத்தத்தில் நனைந்த முந்தானையை அவிழ்த்துச் சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். அந்தோனியம்மாளுக்கு இரண்டு நாள் மருத்துவமனையில் மூச்சு இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

அவன் பெயர் பெர்னார்ட். கப்பல் பட்டறை ஸ்டோரில் வேலை பார்த்து நீக்கப்பட்டவன். ஒரு காலத்தில் எங்கள் பங்குக்கே வீடு வீடாகச் சந்தா வசூல் செய்தவன். பிறகு தூக்கில் போட்டார்கள். எனக்கு அதனால் ஒரு நிம்மதியும் வரவில்லை.

அடக்கத்தன்று சுவா சூ காங் கல்லறையில் பங்கு முழுக்கக் கூடியிருந்தது. எல்லாருடைய கோபமும் பேரின்பநாயகத்தின்மேல்தான். மலரை அடித்தவர் அவர்தானே. வேட்டியில் மண் பட மண்டியிட்டு அவர் சூசைநாதன் முன்னால் அழுதார். "என்ரை புத்தகம்தான் உங்கடை மனுசியைச் சாகடிச்சது" என்றார். சூசைநாதன் அவரைப் பார்க்கவே இல்லை. ஒருவன் அவர்மேல் காறித் துப்பினான். நான் பத்தடி தள்ளி நின்றேன். காலையிலிருந்து மூன்று பேர் என் கையைப் பிடித்து, நீங்க இல்லேன்னா பிள்ளையும் போயிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழி மூடியதும் ஜோன் என்னிடம் வந்தாள். நல்ல கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சூசைநாதன் அவள் பின்னால் நின்றார்.

"ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரி நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல" என்றாள். "சொல்லியிருந்தா அம்மா சாவிய வச்சிட்டுப் போயிருப்பாங்கல்ல?"

அவள் ஏன் ஆறு நாளாகச் சாப்பிடவில்லை என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததற்கு எனக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. பிள்ளை தன் அம்மாவைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டிருந்தது. பேரின்பநாயகத்தின்மேல் பழியை விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்க முடியும். பிள்ளை தன்மேல் போட்டுக்கொண்ட இந்தப் பழியை எங்கே விடுவது?

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக, சூசைநாதனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"நீ ஒண்ணும் செய்யல. அந்தப் புத்தகத்த நான் அன்னைக்கே பாத்துட்டேன். அவன் வருவான்னு எனக்குத் தெரியும். உங்கள அங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். அவனப் பிடிக்கணும்னு நாந்தான் உன்ன அங்கயே வச்சிருந்தேன். அம்மாகிட்ட சொல்லாம விட்டதும் நாந்தான்."

பேரின்பநாயகம் மண்ணிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சூசைநாதனின் கை எழுந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து, என் விரலைப் பிடித்திருந்த மகளின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்து, அம்மா போன பிறகு முதன்முறையாக, வாய்விட்டு அழுதாள்.